மனிதரை இரவல் தரும் நூலகம்



நூலகம் ஒன்றிற்குச் செல்கிறோம். பட்டியலைப் புரட்டுகிறோம். ஒரு தலைப்பு மனத்தைக் கவருகிறது. சீட்டெழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். உள்ளே சென்ற நூலகர் திரும்பி வருகிறார். அவர் கையில் புத்தகம் இல்லை. அவரோடு ஒரு மனிதர் வருகிறார். “நீங்கள் கேட்ட நூல் இவர்தாம். இருபத்தைந்து நிமிஷம் உங்களிடம் இருப்பார். எதையும் கேட்கலாம். பெற்றுக்கொண்ட நிலையிலேயே திருப்பித் தர வேண்டும்” என்று சொல்லி, எதிர் நாற்காலியில் அவரை அமர்த்திவிட்டுப் போய்விடுகிறார். மனித நூலகம் என்று சொல்லப்படுவது இதுதான். தில்லியிலுள்ள ஒரு பல்கலைக் கழகத்தில் இத்தகைய நூலகம் ஒன்றை ஒரே ஒரு நாள் நடத்திப் பார்த்தோம். அதன் அனுபவத்தையே இன்று தங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

தமிழ்நாட்டை விட்டு வந்து வாழும் நமக்கு, மேலட்டையை மட்டும் பார்த்துப் பிறர் நம்மைப் படித்துவிடுவது புதிய விஷயமன்று. வடக்கே குடியேறிய முதல் வாரத்திலேயே ‘மதராசி’ என்ற ஒரே சொல்லில் நம்முடைய ஊர், மொழி, உணவு, குணம் எல்லாம் அடங்கிப் போகின்றன. மலையாளிகளும் தெலுங்கரும் கன்னடியரும் அதே சொல்லுக்குள் நம்மோடு நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல். ஆகவே இந்த ஏற்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டவுடன், இது நமக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது போலும் என்று நாங்கள் எண்ணினோம். அந்த எண்ணத்தில் ஒரு பாதிதான் சரி என்பது பின்னால் தெரிய வந்தது.

இது பிறந்த நாடு டென்மார்க். 1993-ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் நகரில் ஓர் இளைஞர் கத்தியால் குத்தப்பட்டார்; நல்ல வேளையாக உயிர் பிழைத்தார். அவருடைய நண்பர்கள் ஐவர் சேர்ந்து, இளைஞரிடையே வன்முறையைத் தடுப்பதற்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். ரோனி அபெர்கெல் என்பவர் அவர்களில் ஒருவர். 2000-ஆம் ஆண்டு ராஸ்கில்ட் என்ற ஊரில் நடைபெற்ற பெரிய இசை விழாவில் ஏதேனும் செய்யுமாறு இந்தச் சங்கத்தாரை விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டனர். அப்பொழுது உதித்ததுதான் இந்த யோசனை. நான்கு நாள், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், ஐம்பதுக்கு மேற்பட்ட தலைப்புகள். ஆயிரத்திற்கு மேற்பட்டவர்கள் வந்து வாசித்தார்கள். காவலரும் காவலரை வெறுத்தவரும் ஒரே மேசையின் இரு புறமும் அமர்ந்து பேசியதாகச் சொல்கிறார்கள். பிறகு இது நாடு நாடாகப் பரவிற்று. நம் நாட்டில் 2016-இல் இந்தூரிலுள்ள இந்திய மேலாண்மைக் கழகத்திலும், அடுத்த ஆண்டில் ஐதராபாத், தில்லி, மும்பை ஆகிய நகரங்களிலும் நடந்தது. இதை நடத்த விரும்புவோர் ஒன்றை அறிந்திருத்தல் நல்லது: ‘மனித நூலகம்’ என்ற பெயரை மனம்போல் எடுத்துக்கொள்ள முடியாது, கோப்பன்ஹேகனிலுள்ள அமைப்புக்கு விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். நாங்களும் எழுதிப் பெற்றோம்.

எங்கள் குழுவில் ஆசிரியர் இருவர், நூலக அலுவலர் மூவர், மாணவர் சிலர். முதற் கூட்டத்திலேயே ஒரு தவறு செய்தோம். கரும்பலகையில் வரிசையாக எழுதினோம்: வடகிழக்கு மாநிலத்தவர் ஒருவர், திருநங்கை ஒருவர், பார்வையற்றவர் ஒருவர், சிறை மீண்டவர் ஒருவர், வீட்டு வேலை செய்பவர் ஒருவர் என்று. பிறகு இந்தக் கட்டங்களுக்குப் பொருந்தும் ஆட்களைத் தேடிப் புறப்பட்டோம். பொருட்காட்சி சாலைக்கு மாதிரி சேகரிப்பது போலத்தான். எங்கள் நூலகத்தில் முப்பதாண்டு பணியாற்றிய ஓர் உதவி நூலகர் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். “முதலில் நூல் வரட்டும், ஐயா. பட்டியல் பிறகுதான் எழுதுவது வழக்கம்” என்றார். அவர் தம் தொழிலைப் பற்றித்தான் சொன்னார். எங்களுக்கோ சுருக்கென்றது. பலகையை அழித்துவிட்டுத் தெரிந்தவர்களோடு பேசத் தொடங்கினோம்.

நூலாக வரச் சம்மதிப்பவர்களிலும் ஆராய்ந்தே ஏற்க வேண்டியிருக்கிறது. கேட்ட மாத்திரத்தில் “நான் வருகிறேன்” என்று துள்ளியவர்களில் இருவர் ஏதோ ஒரு கட்சிக்கு ஆள் சேர்க்க எண்ணியிருந்தனர்; அவர்களுக்கு வணக்கம் சொன்னோம். ஒரு மாணவி மூன்று மாதத்திற்கு முன்புதான் தந்தையை இழந்தவர். பேசும்பொழுதே கண் கலங்கிற்று. அடுத்த முறை வரலாம் என்று சொல்லி, அன்றைக்கு நூலகர்களில் ஒருவராக இருக்கக் கேட்டுக்கொண்டோம். ஆறாத புண்ணை மேசைமேல் வைத்து, ‘எதையும் கேட்கலாம்’ என்று பிறரிடம் சொல்வது கொடுமை. நாகாலாந்திலிருந்து வந்து படிக்கும் ஒரு பெண் இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை இசைந்தார். 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் இதே தில்லியில், தலைமுடியைக் கேலி செய்ததில் எழுந்த சச்சரவில் அருணாசலப் பிரதேசத்து மாணவர் ஒருவர் அடிபட்டு இறந்ததும், அதன்பின் மத்திய அரசு பெஸ்பருவா குழுவை நியமித்ததும் நேயர்கள் அறிந்தவை. “என்னிடம் என்ன கேட்பார்கள் என்று எனக்கு இப்பொழுதே தெரியும். ஆனாலும் ஒரு முறை உட்கார்ந்து பதில் சொல்லிப் பார்க்கிறேன்” என்றார் அந்தப் பெண்.

அலுவலகத்து அனுமதியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கோப்பு ஐந்து மேசை ஏறி இறங்கிற்று. விசாரணைக் கைதியாக ஆறாண்டு சிறையிலிருந்து, குற்றமற்றவர் என்று தீர்ப்புப் பெற்று வெளிவந்த ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்குமாறு ஓர் அதிகாரி சொன்னார். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம், முதலில் நாங்கள் சரி என்றே தலையசைத்துவிட்டோம். அதை அந்த மனிதரிடம் சொல்லச் சென்றபொழுது அவர் கோபிக்கவில்லை. “பரவாயில்லை, எனக்குப் பழக்கந்தான்” என்றார். அந்தச் சொல் எங்களைத் திருப்பி அனுப்பிற்று. மறுநாள் மீண்டும் சென்று வாதாடினோம். தலைப்பில் ‘சிறை’ என்ற சொல் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

இனி அந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விழுப்புரத்துப் பக்கத்துக் கிராமம். கல்யாணமான மறு வருஷமே தில்லிக்கு வந்துவிட்டவர். ஐந்து வீடுகளில் பாத்திரம் துலக்கித் தரை துடைக்கிறார். ஜங்புராவுக்கு அருகே, பாராபுல்லா வாய்க்கால் கரையில், ‘மதராசி கேம்ப்’ என்று பெயர் பெற்ற தமிழர் குடியிருப்பு ஒன்று பல்லாண்டுகளாக இருந்து வந்ததை நேயர்களில் பலர் அறிவர். நீதிமன்ற உத்தரவின் பேரில் 2025 ஜூன் முதல் தேதி அது இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களுக்கே மாற்று வீட்டிற்குத் தகுதி உண்டென்று முடிவு செய்தனர். அந்த வீடுகளும் நகரின் ஒரு கோடியில், நரேலாவில். இந்த அம்மாள் நரேலாவுக்குப் போனவர். விடியுமுன் பஸ் ஏறி, பழைய வீடுகளுக்கே வேலைக்கு வருகிறார்.

அவருக்காக நாங்கள் எழுதி வைத்திருந்த தலைப்பு ‘வீட்டு வேலை செய்யும் பெண்’. அதைப் படித்துக் காட்டினோம். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, சார்? இதுக்கு எதுக்கு ஒரு புஸ்தகம்?” என்றார். வேறு என்ன எழுதலாம் என்று கேட்டோம். மடியிலிருந்து ஒரு சாவிக் கொத்தை எடுத்து வைத்தார். அவர் வேலை செய்யும் ஐந்து வீட்டில் மூன்று வீட்டார் காலையிலேயே அலுவலகம் போய்விடுவார்கள், சாவி இவரிடம்தான். “மூணு வீட்டுச் சாவின்னு போடுங்க” என்றார். கொத்தில் நான்கு சாவிகள் இருந்தன. கேட்டோம். “அது எங்க வீட்டுது, சார். சாவி இருக்குது, கதவுதான் இல்ல” என்று சொல்லிக் கொத்தை மடியில் செருகிக்கொண்டார்.

அன்றைக்கே ஒரு விதி செய்தோம்: தலைப்பை நூலே சொல்ல வேண்டும். எழுதியிருந்த தலைப்புகள் எல்லாவற்றையும் உரியவர்களிடம் திரும்பக் கொடுத்தோம். பதினான்கு தலைப்பில் பதினொன்று மாறி வந்தன.

அடுத்து எழுந்தது மொழியைப் பற்றிய கேள்வி. அம்மாளுக்கு ஹிந்தி நன்றாகவே வரும். எனினும் அவர், “வேலைக்கு அந்த ஹிந்தி போதும். என் கதைக்குப் போதாது” என்று சொல்லிவிட்டார். ஐரோப்பியக் கவுன்சில் என்ற அமைப்பு 2005-இல் இந்த நூலகத்தை நடத்துவோருக்கென்று ஒரு கையேடு வெளியிட்டது. அதில் மொழிபெயர்த்துச் சொல்பவருக்கு ‘அகராதி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நூலோடு அகராதியையும் சேர்த்து இரவல் தருவது. எங்களுக்குக் கிடைத்த அகராதி தில்லியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் மாணவர். எழுதப் படிக்கச் சிரமம், பேச்சு வரும். ஒத்திகையில், வாசகராக நடித்த மாணவி ஹிந்தியில், “வேலை செய்யும் வீட்டில் எப்பொழுதாவது எதையாவது திருடியதுண்டா?” என்று வேண்டுமென்றே கடுமையாகக் கேட்டார். நம் அகராதி தயங்கி, “அக்கா, வீட்ல சாமான் ஏதாவது காணாம போய் உங்களுக்குக் கஷ்டம் வந்திருக்கான்னு கேக்கறாங்க” என்றார். அம்மாள் சிரித்துவிட்டார். “தம்பி, எனக்குக் காது கேக்குது. அவங்க கேட்டதை அப்படியே கேளு. நீ துணியில சுத்திக் குடுத்தா நானும் துணியில சுத்தித்தான் பதில் சொல்லணும்.” மொழிபெயர்ப்பாளருக்கான பயிற்சியில் இதைவிட நல்ல பாடம் எங்களால் சொல்லித் தந்திருக்க முடியாது.

பணத்தைப் பற்றியும் விவாதம் நடந்தது. நூலாக வருவோர் ஊதியம் பெறாமல் வருவதே வழக்கம். ஆனால் பேராசிரியருக்குச் சனிக்கிழமை விடுமுறை. பாத்திரம் துலக்குபவருக்கு அது கூலி நாள். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அவரைத் தனியே நிறுத்துவதாகும். கடைசியில் பதினான்கு பேருக்கும் ஒரே அளவாகப் பிரயாணச் செலவு, சாப்பாட்டுச் செலவு என்று கொடுத்தோம். இது முழு நியாயம் என்று நாங்கள் கருதவில்லை. ஐந்து வீட்டில் இரண்டு வீட்டார் அவருக்கு அன்று விடுப்புத் தரவில்லை. காலையில் அந்த இரண்டு வீட்டு வேலையையும் முடித்துவிட்டே பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார்.

பெரிய மண்டபம் தருகிறோம் என்றார்கள். வேண்டாமென்று வாசக சாலையையே கேட்டு வாங்கினோம். மேடை இருந்தால் மனிதர் பேச்சாளராகிவிடுகிறார். நாற்காலிகளை நேருக்கு நேர் போடாமல் சற்றுச் சாய்த்துப் போட்டோம். பேசும்பொழுது பார்வையை வேறு பக்கம் திருப்ப இருவருக்கும் இடம் வேண்டுமல்லவா? பக்கத்து மேசைப் பேச்சுக் காதில் விழாதபடி அலமாரிகளை இடையே நிறுத்தினோம். ஒரு நூலுக்கு ஒரு வேளையில் மூன்று வாசகருக்கு மேல் இல்லை. நாளில் நான்கு வேளைக்கு மேல் இல்லை. புகைப்படமும் ஒலிப்பதிவும் கிடையா. நூல்கள் இளைப்பாற ஓர் அறை. அதில் தேநீரும் பாயும் உண்டு, வெளியார் நுழையக் கூடாது. ஒவ்வொரு மேசைமேலும் ஓர் அட்டை வைத்தோம். ஒரு புறம் தலைப்பு எழுதியிருக்கும். மறு புறம் வெற்றாக இருக்கும். பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்விக்கு நூல் அந்த அட்டையைக் கவிழ்க்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. இந்த அட்டையைச் சிலர் விளையாட்டாக நினைத்தார்கள்.

அன்று காலையில் நாங்கள் அஞ்சியது ஒன்று, நடந்தது ஒன்று. சிறை மீண்டவரிடம் வரிசை நின்றது. பரிவினால் நின்றார்களா, வேடிக்கை பார்க்க நின்றார்களா என்று சொல்ல முடியவில்லை. நான்கு வேளை முடிந்ததும் பட்டியலிலிருந்து அவர் தலைப்பை எடுத்துவிட்டோம். ஒரு தலைமைக் காவலர் சாதாரண உடையில் வந்து அமர்ந்திருந்தார். முதல் இரண்டு வேளையும் அவரை எவரும் கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

அம்மாளுடைய இரண்டாம் வேளையில் ஒரு மாணவி வந்தார். வசதியான குடும்பம். அவர் கேட்டதை அம்மாளின் அனுமதி பெற்றே இங்குச் சொல்கிறோம். “எங்கள் வீட்டில் வேலை செய்கிறவருக்குத் தனித் தம்ளர் வைத்திருக்கிறோம். அது உங்களுக்கு வருத்தமாக இருக்குமா?” என்று கேட்டார். இம்முறை அகராதி ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னார். அம்மாள் பதில் சொல்லாமல், “அந்தத் தம்ளரு எங்க இருக்கும்மா?” என்று கேட்டார். “பால்கனியில், செடித் தொட்டிக்குப் பக்கத்தில்.” “மழை பெஞ்சா?” அந்தப் பெண் யோசித்தார். தாம் அதை ஒரு நாளும் கவனித்ததில்லை என்றார். மீதி நேரம் முழுவதும் இருவரும் வேறு ஏதோ, ஊறுகாய் போடுவதைப் பற்றிக்கூடப் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

மூன்றாம் வேளையில் வந்தவர் நம்மவர். நீண்ட காலம் தில்லியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். தமிழ் நிகழ்ச்சி எதையும் தவறவிடாதவர். தமிழ்த் தலைப்பொன்று பட்டியலில் இருக்கக் கண்டு மகிழ்ச்சியோடு வந்தார். அகராதிக்கு வேலை இல்லாமற் போயிற்று. “எந்த ஊர்?” என்று தொடங்கினார். சொன்னார். “ஊரிலே எந்தப் பக்கம்?” சொன்னார். “கோயில் தெருவா, காலனியா?” அம்மாள் அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையை நீட்டி அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. “ஊரைத்தானே கேட்டேன்? நம்ம ஜனங்களாயிற்றே என்று அன்பாகக் கேட்டேன்” என்று எங்களிடம் முறையிட்டார். நூல் மூடப்பட்டுவிட்டது, ஐயா, வேறு நூல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் எடுக்கவில்லை, போய்விட்டார். அவர் கெட்டவர் அல்லர். எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது அதுவன்று. இந்த அம்மாளை நாங்கள் முதன்முதல் சந்தித்த அன்று நாங்களும் இதே மூன்று கேள்விகளில் இரண்டைக் கேட்டிருந்தோம். மூன்றாவதைக் கேட்கவில்லை, பதிலை நாங்களே மனத்துக்குள் எழுதிக்கொண்டிருந்தோம். ரயிலிலும் சங்கக் கூட்டத்திலும் கோயில் வாசலிலும் நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதற் கேள்வி இதுவேயல்லவா? அது எங்கே போய் முடிகிறது என்பதைக் கேட்பவரும் அறிவார், சொல்பவரும் அறிவார்.

இளைப்பாறும் அறையில் அம்மாள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வருத்தம் தெரிவித்தோம். அவர் நிதானமாகவே பேசினார். “இந்திக்காரப் பொண்ணு தம்ளரைப் பத்தித் தெரியாம கேட்டுச்சு, சார். அதுக்குப் பதில் சொல்லலாம். இவரு தெரிஞ்சுகிட்டுக் கேட்டாரு. அதுக்கு என்ன சொல்றது?” என்றார். எங்களை மதராசி என்கிறார்களே என்று கூட்டம் போட்டு வருந்திய நாங்கள், பக்கத்திலிருந்த பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

அவருக்கு இன்னும் ஒரு வேளை பாக்கி இருந்தது. களைப்பாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம், பஸ்ஸுக்கு நெடுநேரம் ஆகுமே என்றோம். போகவில்லை. “நான் ஒரு புஸ்தகம் எடுக்கக் கூடாதா?” என்று கேட்டார். எங்கள் ஏற்பாட்டில் இதற்கு விதியே எழுதவில்லை. நூலாக வருபவரும் வாசகராவார் என்பது பதினாறு பேர் கொண்ட குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உதவி நூலகர் ஒன்றும் பேசாமல் பட்டியலை எடுத்துவந்து, ஒவ்வொரு தலைப்பாகப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்லி அகராதியைப் பணித்தார். அம்மாள் கடைசி வரை கேட்டார். பிறகு தலைமைக் காவலரைக் கேட்டார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஜூன் மாதத்து அந்தக் காலையில் கேம்ப்பைச் சுற்றிக் காவலர்கள் நின்றதை அவர் முன்பே எங்களிடம் சொல்லியிருந்தார். காவலரிடம் சென்று விவரத்தைக் கூறி, தங்களுக்கு விருப்பமில்லையானால் மறுக்கலாம் என்றோம். அவர் சட்டையைச் சரி செய்துகொண்டு, “வரச் சொல்லுங்கள்” என்றார்.

இருபத்தைந்து நிமிஷம் கழித்து மணி அடித்தோம், இருவரும் எழுந்திருக்கவில்லை. மற்ற மேசைகள் காலியாகிவிட்டன. மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினோம். வாசக சாலையைப் பூட்ட வேண்டிய ஊழியர் கதவருகே ஸ்டூலில் அமர்ந்து காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை. அலமாரிகளுக்கு அப்பாலிருந்து சில சமயம் காவலரின் தாழ்ந்த குரல், சில சமயம் அம்மாளின் குரல், நடுவே அகராதியின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. மேசைமேலிருந்த காவலரின் அட்டை கவிழாமல் இருந்தது மட்டும் தெரிந்தது.

ஏழு மணிக்கு மேல் எழுந்து வந்தார்கள். நூலைத் திருப்பித் தந்ததற்கு அடையாளமாக அம்மாள் சீட்டில் கைந்நாட்டு வைக்காமல் எழுத்துக் கூட்டித் தம் பெயரை எழுதினார். தலைமைக் காவலர் தம் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அவரோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து போனார். என்ன பேசினார்கள் என்று அகராதியை நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, நாற்காலிகளை அடுக்க உதவி செய்துவிட்டு விடுதிக்குப் போனார்.